இரண்டாம் ஆண்டுப் பூந்தோட்டம்: பிடுங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி, 2024 ஜூன் 9

போன ஆடியில் வீட்டுக்குப் பின்னால் பூந்தோட்டம் போட்டேன். மல்லி, செவ்வந்தி, சம்பங்கி, கனகாம்பரம், செங்காந்தள். ஒருமுறை வைத்தால் பல ஆண்டு நிற்கும் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். ஓராண்டு முடியப் போகிறது. செங்காந்தள் மார்கழியிலேயே காய்ந்து மண்ணோடு போய்விட்டது. மல்லி ஒரு கைப்பிடிப் பூக்கூடத் தரவில்லை. செவ்வந்தி வெறும் குச்சியாக நிற்கிறது. சம்பங்கி கோரைப்புல்லைப் போலக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கொத்தி, இந்த ஆடியில் புதிதாக நடலாம் என்றிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 9, இரவு

பிடுங்காதீர்கள். மண்வெட்டியை வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

என் தோட்டமும் உங்கள் தோட்டமும் ஒரே வயது. நானும் 2023 ஆடியில்தான் நட்டேன். நிலக்கோட்டைப் பக்கம், செம்மண், 30 அடிக்கு 20 அடி இடம். மல்லி 12, ஜாதிமல்லி 2, முல்லை 1, சம்பங்கிக் கிழங்கு 20, செவ்வந்தி 10, கனகாம்பரம் ஒரு பாத்தி, நந்தியாவட்டை 1, பவளமல்லி 1, செங்காந்தள் கிழங்கு 4. தண்ணீர் ஊற்றுகிறோம், எரு போடுகிறோம், செடி ஒரு சாண்கூட எழவில்லையே என்று ஓராண்டு முழுக்க எனக்கும் இதே கவலைதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் 40 ஆண்டு மல்லி வைத்தவர். அவரிடம் புலம்பியபோது ஒரு செடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணை விலக்கிக் காட்டினார். மேலே இருந்தது ஒன்றரை அடிச் செடி. கீழே வெளிறிய வேர் நூல்நூலாகப் பிரிந்து, பாத்தியைத் தாண்டி நடைபாதைக் கல்லுக்கு அடியில் நுழைந்திருந்தது. "இது இப்போது கீழே வளருகிற காலம், தாயி. மேலே வளரும்போது உனக்குக் கவாத்து வெட்டக் கை வலிக்கும்" என்றார்.

மல்லியில் விலைக்கு எடுக்கும் அளவு பூ இரண்டாம் ஆண்டிலிருந்துதான் வரும். பூ விவசாயிகள் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் நடுகிறார்கள். வீட்டுக்கு வைக்கும் நாம்தான் முதல் கோடையிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

செங்காந்தள் சாகவில்லை, தூங்குகிறது. கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கும். இப்போது நீங்கள் கொத்தினால்தான் சாகும்.

2024 ஜூன் 11

மல்லி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்று சேலத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரும்புச்சத்துக் குறை. எனக்கும் வந்தது, ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் பாயும் பக்கத்தில் மட்டும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம், மாலை வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளித்தேன். மஞ்சளான பழைய இலை திரும்பவில்லை. புதுத் தளிர் பச்சையாக வந்தது. அதுபோதும்.

2024 ஜூன் 23

செங்காந்தள் வந்துவிட்டது!

இரண்டு மழை பெய்தது. இன்று காலை வேலியோரம் சருகை விலக்கினேன். பென்சில் முனையைப் போல, கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்து ஒரு முளை. மண்ணைக் கீறிக்கொண்டு வந்திருக்கிறது, தலையில் ஒரு சிறு கல்லைச் சுமந்தபடி. கல்லை எடுத்துவிடக் கை போனது. எடுக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன், அதுவே ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தது.

இதுவரை எண்ணியது 5 முளை. நான் வைத்தது 4 கிழங்கு.

ஒரு தவறும் நடந்துவிட்டது. எங்கே வைத்தேன் என்று சரியாக நினைவில்லாமல், போன வாரம் களைக்கொத்தியால் மெல்லக் கிளறிப் பார்த்தேன். ஒரு கிழங்கின் நுனி ஒடிந்துவிட்டது. செங்காந்தள் கிழங்கு கலப்பையைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான் முளைக்கண் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல எங்கே வெட்டினாலும் கண் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூங்கில் குச்சி. தூங்கும் செடிக்கு அடையாளம் வைக்காமல் தோட்டம் போடக் கூடாது.

2024 ஜூன் 30

7 முளை. அந்த ஒடிந்த நுனியும் இருந்திருந்தால் 8. கிழங்குக்கு இரண்டு கை, கைக்கு ஒரு முளை. கணக்குச் சரியாக இருக்கிறது.

2024 ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. நட்டு ஓராண்டு.

சம்பங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் கோரைப்புல் என்று எழுதியிருந்தார். போன ஆண்டு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. 20 கிழங்கில் முதல் ஆண்டு 14 தண்டுதான் வந்தது. இந்த ஆண்டு ஒரே குத்தில் 3 தண்டு, சிலவற்றில் 4. கிழங்கைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் கட்டிவிட்டன. குத்து இப்போது தேங்காய் அகலத்துக்கு இருக்கிறது. என்னுடையது பிரஜ்வல் ரகம், மொட்டின் முனையில் லேசான இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. அடியிலிருந்து மேல்நோக்கி நாளுக்கு இரண்டு இரண்டாகப் பூக்கிறது. ஒரு தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் வீட்டில் ஒரு வாரத்துக்கு ஊதுவத்தி வேண்டாம்.

அதே கோரைப்புல்தான். ஆனால் மல்லிக்கும் வேலிக்கும் நடுவில் நான் விட்ட இடத்தை இது தின்றுவிட்டது. செடிக்குச் செடி ஒரு சாண் விட்டேன், ஒன்றரைச் சாண் விட்டிருக்க வேண்டும்.

2024 ஜூலை 22

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். "இடத்தைத் தின்றுவிட்டது" என்பது நியாயமில்லாத பேச்சு. இடம் தவறாகக் கொடுத்தது நான். காகிதத்தில் கட்டம் போட்டுத் தோட்டம் வரைந்தபோது ஒவ்வொரு செடிக்கும் நாற்று அளவுக்கு வட்டம் போட்டேன். இரண்டாம் ஆண்டு அளவுக்குப் போட்டிருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 4

தலைப்பிலிருந்து விலகி ஒன்று. கனகாம்பரப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது பட் பட்டென்று சத்தம் கேட்டுப் பேரப்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். காய்ந்த விதைக்காய் நனைந்தவுடன் வெடிக்கிறது. விதை கன்னத்தில் வந்து அடிக்கிறது. ஒரு குவளைத் தண்ணீருக்கு இவ்வளவு குதூகலம் நான் கண்டதில்லை. இருவரும் மீதிக் காயெல்லாம் பறித்து நாக்கில் வைத்து வெடிக்கவிடப் பார்த்தார்கள், தடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடச் சொன்னேன்.

இதனால்தான் நடைபாதைக் கல் இடுக்கெல்லாம் கனகாம்பர நாற்று. நான் நட்ட பாத்தியைவிட இடுக்கில் முளைத்தது செழிப்பாக இருக்கிறது. டெல்லிக் கனகாம்பரம் வைத்திருப்பவர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டாம். அது விதை பிடிக்காத ரகம், குச்சி வெட்டித்தான் நட வேண்டும்.

2024 ஆகஸ்ட் 25

செங்காந்தள் பூத்துவிட்டது. நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள்: மொட்டு பச்சை, தலைகீழாகத் தொங்குகிறது. அடுத்து இதழ் ஆறும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி நிமிர்கிறது. ஓரமெல்லாம் நெளிநெளியாக. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாள் போகப் போகச் சிவப்பு கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் முழுப் பூவும் கனல். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நான்கு வயதுப் பூ ஒரே நேரத்தில் நிற்கிறது. சூல்தண்டு மட்டும் செங்கோணமாக வளைந்து வெளியே நீண்டிருக்கிறது. எதற்கு இப்படி என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பட்டாம்பூச்சி வந்து அதில் இடித்துக்கொண்டு போனது, புரிந்தது.

கொடிக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்கிறது. கம்பிவேலியில் ஓர் இலையைத் தொட்டு வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மதியம் பார்த்தால் ஒரு சுற்று சுற்றியிருந்தது.

மாநில மலர் என்பதற்காக எல்லோரும் வாங்குகிறார்கள், வாங்குங்கள். ஆனால் இது நஞ்சு. கிழங்கு, விதை, எல்லாப் பாகமும். கால்சிசின் என்ற மருந்துப்பொருள் இதிலிருந்தும் எடுக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் வயலாகவே போடுவது விதைக்காகத்தான். வீட்டில் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் கைக்கும் வாய்க்கும் எட்டாத வேலிப்புறத்தில் வையுங்கள். கிழங்கைத் தொட்டால் கை கழுவுங்கள். சர்க்கரைவள்ளி என்று எண்ணி யாராவது வேகவைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகளை அந்த வேலிப் பக்கம் நான் விடுவதில்லை.

2024 செப்டம்பர் 22

நந்தியாவட்டை இரண்டே இரவில் மொட்டை. முதல் ஆண்டு ஒரு பூச்சி தொடவில்லை. இலைக்காம்பு மட்டும் மிச்சம். கீழே மிளகு அளவுக்குக் கரும்புழுக்கை. தேடிப் பார்த்தேன், என் நடுவிரல் கனத்தில் பச்சைப் புழு. தலையைச் சுருக்கியதும் முதுகில் இரண்டு நீலக் கண் திறந்தது. வெள்ளை விளிம்பு கட்டிய நீலம். நிஜக் கண் அல்ல, பறவையை மிரட்டும் பொய்க்கண். அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு.

கொல்ல மனம் வரவில்லை. 4 புழுவையும் வேலிக்கு வெளியே புறம்போக்கில் நிற்கும் அரளியில் கொண்டுபோய் விட்டேன்.

2024 செப்டம்பர் 29

நந்தியாவட்டை துளிர்த்துவிட்டது, முன்பைவிட அடர்த்தியாக. முதல் ஆண்டு நாற்றாக இருந்திருந்தால் அந்தத் தின்னலில் போயிருக்கும். வேர் பிடித்த செடி தாங்குகிறது.

2024 அக்டோபர் 13

மழை. தோட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. பவளமல்லி முதல் முறையாகப் பூத்தது. 3 பூ. விடியும்போது தரையில் கிடந்தன, ஆரஞ்சுக் காம்பு மேலே பார்க்க. என் மாமியார் சேறு படாமல் அவற்றை எடுத்து வேட்டித் துண்டில் வைத்துத் துடைத்தார். தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்றால் அது பவளமல்லி ஒன்றுக்குத்தான். "இதற்காக ஒன்றே கால் வருடம் பொறுத்தேன்" என்றார். அவர் பொறுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

2024 நவம்பர் 17

செவ்வந்தியில் ஒரு குழப்பம். போன ஆண்டுப் பூ முடிந்ததும் அடியோடு நறுக்கிவிட்டேன். மண்ணிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பின. ஜூனில் பிரித்து அதே வரிசையில் மறுபடி நட்டேன். 10 செடியில் 6 மொட்டு கட்டிவிட்டது. தெருச்சுவர் ஓரமாக நிற்கும் 4 மட்டும் இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாக, ஒரு மொட்டுக்கூட இல்லாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் தொழுவுரம் ஒரு கூடை அதிகம் கொட்டினேன். உரம் மிஞ்சினால் இலைதான் வரும், பூ வராது. அதுதான் காரணம். இனி அந்தப் பக்கம் உரம் நிறுத்தம்.

2024 நவம்பர் 30

இன்று மல்லிக்குக் கவாத்து.

கார்த்திகை நடுவில் வெட்ட வேண்டும், குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கணக்கு. பத்து நாளாகத் தண்ணீர் விடவில்லை. பெரியவர் அரிவாளோடு வந்தார். தரையிலிருந்து 50 செ.மீ., முழங்காலுக்குச் சற்று மேலே. ஒரு செடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாலு செடியை அவர் வெட்டினார். அரிவாளை என்னிடம் கொடுத்து, "மீதி உன்னுடையது" என்றார்.

பதினாறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த கொடி. ஒவ்வொரு கிளையிலும் இன்னும் இலை இருக்கிறது, ஒன்றிரண்டில் மொட்டு இருக்கிறது. எனக்குக் கை எழவில்லை. உயரமாக வெட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல், நான் வெட்டியதற்குக் கீழே ஒரு சாண் இறக்கி விரலை வைத்தார். அங்கே வெட்டினேன். உள்ளே தண்டு வெளிர்பச்சை, ஈரம் கசிந்தது. நோய் பட்ட குச்சி, ஒன்றை ஒன்று உரசும் குச்சி எல்லாம் போனது. கடைசியில் 12 மொட்டைக் குச்சிக் கொத்து. செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ தொழுவுரம் வைத்து மூடினோம்.

மல்லிப்பூ புதுக்கிளையின் நுனியில்தான் வருகிறது. பழைய கிளையை வைத்துக்கொண்டு பூவுக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கலாம். கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மல்லி கைப்பிடிப் பூக்கூடத் தராததற்கு வயது பாதிக் காரணம் என்றால், வெட்டாதது மீதிக் காரணமாக இருக்கலாம். ஜூனில் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிடுங்காதீர்கள் என்றேன். வெட்டுங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 8

செவ்வந்தி விஷயத்தில் நான் எழுதியது தவறு. நவம்பர் 17 குறிப்பை யாரும் பின்பற்ற வேண்டாம்.

அதே சேலத்துக்காரர் ஒரே வரி கேட்டிருந்தார்: "சுவர்ப் பக்கம் இரவில் வெளிச்சம் விழுகிறதா?"

ராத்திரி 9 மணிக்குப் போய் நின்றேன். தெருமுனைக் கம்பத்தில் இந்த ஆண்டுதான் வெள்ளை எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். சுவர் ஓரத்தில் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பு படிக்க முடிகிறது. செவ்வந்திக்கு நீண்ட, இடைமுறியாத இருட்டு வேண்டும். இரவு நீளமாகிறது என்று தெரிந்தால்தான் மொட்டுக் கட்டும். அந்த 4 செடிக்கும் இரவே வரவில்லை.

டார்ச் அடித்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். சுவர்த்தூணின் நிழல் மூன்றாவது செடியின் இடது பாதியில் விழுகிறது. அந்தப் பாதியில் கடுகு அளவில் 7 மொட்டு. வலது பாதியில் ஒன்றுமில்லை. கோடு கிழித்ததுபோல. ஒரே வேர், ஒரே உரம், ஒரே தண்ணீர்.

உரத்தைக் குறை சொன்னது தவறு. சாயங்காலம் 6 மணிக்குச் சுவரை ஒட்டி மூங்கில் கட்டிச் சணல் சாக்கைத் தொங்கவிட்டேன்.

2024 டிசம்பர் 29

ஜாதிமல்லிக்குக் கவாத்து, இரண்டு செடி, பத்து நிமிட வேலை. இம்முறை கை தயங்கவில்லை. முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றும் மல்லிதான், மூன்றுக்கும் ஒரே நாளில் அரிவாள் வைக்காதீர்கள்.

மார்கழிப் பனியில் சந்தைக்குப் பூ வரத்தே இல்லை. கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. மொட்டைக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு கடையில் பூ வாங்கி வந்தேன்.

2025 ஜனவரி 12

சாக்கு வேலை செய்கிறது. 4 செடியிலும் மொட்டு. மற்ற 6 செடி பூத்து முடியும் தறுவாயில் இவை ஆரம்பிக்கின்றன. பொங்கலுக்கு எட்டாது. மாசிக்கு எட்டும், மாசித் திருவிழா இருக்கிறது.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்று. வேண்டுமென்றே பாதி வரிசைக்கு வெளிச்சம் விட்டுப் பாதிக்கு மறைத்தால் பூப்பருவத்தை இரண்டு மாதம் நீட்டலாம். பூப் பண்ணைகளில் விளக்கும் கருந்திரையும் வைத்து இதையே செய்கிறார்கள். அடுத்த ஆண்டு செய்து பார்க்கப் போகிறேன்.

2025 பிப்ரவரி 9

மல்லி துளிர். வெட்டிய ஒவ்வொரு குச்சியிலும் மூன்று, நான்கு கிளை. தளிர் செம்பு நிறம்.

2025 மார்ச் 2

இன்று எடுத்தது 340 மொட்டு. எண்ணினேன், ஒவ்வொன்றாக எண்ணினேன். போன ஆண்டு இதே வாரம் 11. அந்தக் காகிதம் இன்னும் வைத்திருக்கிறேன்.

விடிவதற்கு முன்னால் போக வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் முற்றிய மொட்டு தனியாகத் தெரிகிறது. பச்சை போய் முழு வெள்ளை, தலை உருண்டு, காம்பில் தொட்டவுடன் கழன்றுவரும். நாளைக்கு விரிய வேண்டியது கொஞ்சம் பச்சையாக, இழுத்தால் விடாது. அப்போது வாசம் இல்லை. மாமியார் வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்துக் கண்ணி போட்டுக் கட்டினார். நான் ஒரு முழம் கட்டுவதற்குள் அவர் நான்கு முழம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சரம் விரிந்தது. வீடு நிறைந்தது. பக்கத்துவீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து "அக்கா, உங்கள் வீட்டிலா?" என்றாள். அவளுக்கு ஒரு முழம். பெரியவர் வீட்டு ஆச்சிக்கு ஒரு முழம்.

முழு ஆண்டு நான் செய்ததையெல்லாம் கூட்டினாலும் அந்த அரிவாளுக்கு ஈடாகாது.

2025 மார்ச் 16

சில மொட்டு அழகான கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. புது ரகம் கலந்துவிட்டதோ? இருந்தால் பதியன் போட்டுப் பெருக்கலாம்.

2025 மார்ச் 18

மேலே எழுதியதைப் படித்து யாரும் பதியன் போட்டுவிடாதீர்கள். ரகமும் இல்லை ஒன்றும் இல்லை. பெரியவரிடம் ஒரு மொட்டைக் காட்டினேன், நகத்தால் பிளந்தார். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளைப் புழு. பூ ஈ. மொட்டில் முட்டையிடும், மொட்டு ஊதாவாகி விரியாமல் காயும். புழு கீழே விழுந்து மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. அதனால் ஊதா மொட்டு ஒன்றுகூடத் தரையில் விழ விடாமல் பறித்து எரித்தேன். செடியடியில் லேசாகக் கொத்தி வெயில் காட்டினேன், வேப்பம் புண்ணாக்கு இட்டேன்.

2025 ஏப்ரல் 6

ஊதா மொட்டு குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்துதான். விடாமல் பொறுக்குகிறேன்.

2025 மே 11

இந்தக் குறிப்பை எழுதத் தயக்கமாக இருக்கிறது. கனகாம்பரப் பாத்தியைப் பிடுங்கிவிட்டேன்.

"பிடுங்காதீர்கள்" என்று முதல் வரியில் எழுதியவள் நான். மூன்று வாரமாகப் பாத்தி வாடியது. தண்ணீர் விட்டால் சாயங்காலம் நிமிரும், மறுநாள் மதியம் தலை சாயும். பொறுத்தேன். இரண்டாம் ஆண்டு, வேர் வேலை செய்கிறது, பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு, ஜெபமாலையைப் போல. நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் மிக நுண்ணிய புழு. பொறுத்த மூன்று வாரத்தில் பக்கத்துப் பாத்திக்கும் நகர்ந்திருக்கும்.

ஆகையால் என் முதல் பதிலை இப்படித் திருத்துகிறேன்: ஒரு செடியைத் தோண்டி வேரைப் பார்க்காமல் பிடுங்கவும் வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம். வெள்ளை வேர் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். முடிச்சோ, அழுகலோ இருந்தால் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். மேலே பார்த்து முடிவெடுத்ததுதான் என்னுடைய பிழை, இரண்டு பக்கமும்.

பிடுங்கிய இடத்தில் துலுக்கச் சாமந்தி விதைத்திருக்கிறேன். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். கல் இடுக்கில் தானாக முளைத்த கனகாம்பரம் இரண்டைத் தோண்டிப் பார்த்தேன். அந்த வேர் சுத்தமாக இருக்கிறது. ஓராண்டு கழித்து அதன் விதையைத்தான் இங்கே தூவப் போகிறேன்.

2025 மே 25

கோடை மழை. மறுநாளுக்கு மறுநாள் மழை லில்லி, வேலி நெடுக இளஞ்சிவப்பு. குழாய்த் தண்ணீருக்கு அசைவதில்லை, மழைக்கு மட்டும்தான். இதை நான் நட்ட நினைவே இல்லை. சம்பங்கிக் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முதல் ஆண்டு புல் என்று எண்ணி எத்தனை பிடுங்கினேனோ.

2025 ஜூன் 8

கேள்வி கேட்டவர் ஓராண்டு கழித்து எழுதியிருக்கிறார். மல்லியை விட்டுவைத்தாராம், டிசம்பரில் வெட்டினாராம், ஏப்ரலில் கோயிலுக்குக் கட்டிக் கொடுத்தாராம். மிக மகிழ்ச்சி. ஆனால் செங்காந்தள் இருந்த இடத்தை, என் பதிலைப் படிப்பதற்கு முந்தைய நாளே கொத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். உங்கள் முகவரியைத் தனியாக அனுப்புங்கள். இந்தத் தை மாதம் கொடி காய்ந்ததும் இரண்டு கிழங்கு எடுத்து, நுனி ஒடியாமல் மரத்தூளில் வைத்து அனுப்புகிறேன்.

2025 ஜூன் 22

செங்காந்தள் முளை, இன்று காலைவரை 11. மூங்கில் குச்சி வைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை! ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, இருபுறமும். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் ஆக வேண்டும். ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கிப்போய்ப் புதுக்கிழங்கு இரு கையாக நீள்கிறது, முளைக்கண் அந்தக் கையின் நுனியில். நட்ட இடத்தில் நிற்கும் செடி அல்ல அது, நடக்கிறது.

ஒரு முளை நடைபாதைச் செங்கல்லுக்கு அடியில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்லின் ஒரு மூலை விரல் கனத்துக்கு எழும்பியிருந்தது, அதனால்தான் கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தேன். முளை வெளிறி, பக்கவாட்டில் வளைந்து, வெளிச்சம் இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

3 செங்கல்லை எடுத்து எதிர்ப்புறம் பதித்துவிட்டேன். பாதை இப்போது அந்த இடத்தில் சற்று வளைந்து போகிறது.